லிங்கன் கோட்டைச் சிறைச்சாலை அருங்காட்சியகம்: ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் சிறைகள் எப்படி மாறி வந்தன என்பதைக் கட்டடங்களின் வழியே நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால், நான் லண்டனைச் சொல்வதில்லை. அந்த வரலாற்றின் முக்கியமான கட்டடங்களில் பெரும்பாலானவை லண்டனில் இப்போது இல்லை. நியூகேட் சிறை இடிக்கப்பட்டு அந்த இடத்தில் ஓல்டு பெய்லி நீதிமன்றம் எழுந்துவிட்டது. தேம்ஸ் நதிக்கரையில் மில்பேங்க் சிறை நின்ற இடத்தில் டேட் பிரிட்டன் ஓவியக்கூடம் இருக்கிறது. பென்டன்வில் இன்னமும் இயங்கும் சிறை என்பதால் பார்வையாளர்கள் அதற்குள் சுற்றிப்பார்க்க வழியில்லை. வடக்கே, லிங்கன் நகரத்துக் குன்றின் மேல் இருக்கும் கோட்டைக்குள்தான் 18ஆம் நூற்றாண்டின் சிறையும் 19ஆம் நூற்றாண்டின் சிறையும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரு கதவைக் கடந்தால் ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்திற்குள் நுழைந்துவிடலாம். இப்படியொரு வாய்ப்பு அந்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கோட்டை 1068இல் வில்லியம் மன்னரின் ஆணையால் எழுப்பப்பட்டது. ரயில் நிலையத்திலிருந்து 'ஸ்டீப் ஹில்' என்ற பெயருக்கேற்ற செங்குத்தான கல்பாவிய தெருவில் ஏறி வந்தால், ஒருபுறம் பேராலயமும் மறுபுறம் கோட்டை வாயிலும் எதிரெதிரே நிற்கும் சதுக்கத்தை அடையலாம். மதில்மேல் நடைபாதை, மாக்னா கார்ட்டா வைக்கப்பட்டுள்ள நிலவறை, விக்டோரியா காலச் சிறை ஆகிய மூன்றையும் ஒரே டிக்கெட்டில் பார்க்க முடிகிறது. 2.2 கோடி பவுண்டு செலவிலான சீரமைப்புக்குப் பிறகு 2015 ஏப்ரலில் கோட்டை மறுபடியும் திறக்கப்பட்டது. வருபவர்களில் பெரும்பாலானோர் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாவின் எஞ்சியிருக்கும் நான்கு மூலப்படிகளில் ஒன்றைப் பார்க்கவே வருகிறார்கள். சட்டப்படியான தீர்ப்பின்றிச் சுதந்திர மனிதர் எவரையும் பிடித்துச் சிறையிலிடக் கூடாது என்று சொன்ன அந்த ஆவணத்தைப் பார்த்த கையோடு சிறைக்குள் நுழைவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், நேரம் குறைவு என்றால் மாக்னா கார்ட்டாவுக்குச் சில நிமிடங்களை ஒதுக்கிவிட்டு மீதி நேரம் முழுவதையும் சிறைக்கே கொடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

வளாகத்திற்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. புல்வெளியின் மறுகோடியில் கோதிக் பாணியில் நிற்கும் கட்டடம் 1820களில் ராபர்ட் ஸ்மர்க் வடிவமைத்த நீதிமன்றம். அது இன்றும் குற்றவியல் வழக்குகளை விசாரிக்கும் கிரௌன் கோர்ட்டாகவே இயங்குகிறது. பழைய சிறையை வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள் ஓடி விளையாடும் அதே வளாகத்தில், கோப்புகளைச் சுமந்த வழக்கறிஞர்களும் அன்று தீர்ப்பை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களும் நடந்து போகிறார்கள். இந்தச் சூழலே அருங்காட்சியகத்திற்கு ஒரு கனத்தைக் கொடுக்கிறது.

சிறையின் முன்பகுதி 1788இல் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் வசதி படைத்த ஒருவரின் பெரிய வீடு போலத்தான் இருக்கும். சிறைக் கண்காணிப்பாளரின் குடியிருப்பு இங்கேதான் இருந்தது. கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் அடைக்கப்பட்டவர்களும் இங்கேதான் வைக்கப்பட்டார்கள். திருட்டு, கொலை ஆகியவற்றுக்காகப் பிடிபட்டவர்களைப் போல இவர்கள் நடத்தப்படவில்லை. உறவினர்கள் வந்து பார்க்கலாம், வெளியிலிருந்து உணவு வரவழைக்கலாம். ஆனால் கடன் தீரும்வரை வெளியேற முடியாது. சிறைக்குள் இருந்துகொண்டு சம்பாதித்துக் கடனைத் தீர்க்கவும் வழி கிடையாது. இந்த முரண்பாட்டை அன்றைய சட்டம் பல தலைமுறைகள் சகித்துக்கொண்டிருந்தது. 1869ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் கடனுக்காகச் சிறை என்பது பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

இந்த முன்கட்டடத்தின் அருமை புரிய வேண்டுமென்றால், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இங்கிலாந்துச் சிறைகள் எப்படி இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிறை என்பது தண்டனை அனுபவிக்கும் இடமாகவே கருதப்படவில்லை. விசாரணைக்கோ தூக்குக்கோ நாடு கடத்தும் கப்பலுக்கோ காத்திருப்பவர்களை அடைத்து வைக்கும் இடம், அவ்வளவுதான். சிறைக்காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகளிடம் கட்டணம் வசூலித்தே அவர் வாழ்ந்தார். உள்ளே வரக் கட்டணம், படுக்கைக்குக் கட்டணம், விலங்கைக் கழற்றக் கட்டணம், விடுதலையாகி வெளியே போகவும் கட்டணம். 1773இல் பெட்ஃபர்டுஷயர் மாவட்டச் சிறைக்கும் பொறுப்பான ஷெரிஃப் பதவியை ஏற்ற ஜான் ஹோவர்டு, குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றம் விடுவித்தவர்கள்கூட இந்தக் கட்டணத்தைச் செலுத்த முடியாமல் மறுபடியும் சிறைக்குள் இழுத்துச் செல்லப்படுவதைக் கண்டார். கட்டணத்துக்குப் பதிலாகக் காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று அவர் மாவட்ட நீதிபதிகளிடம் கேட்டபோது, வேறெந்த மாவட்டத்திலாவது அப்படிச் செய்கிறார்களா, முன்னுதாரணம் காட்டுங்கள் என்றார்கள். அந்த முன்னுதாரணத்தைத் தேடிக் குதிரையேறிப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போனவர்தான் அவர். தேடியது எங்கும் கிடைக்கவில்லை. பார்த்த கொடுமைகள் அவரை நிற்கவும் விடவில்லை. இங்கிலாந்து முழுவதும், பிறகு ஐரோப்பா முழுவதும், சிறை சிறையாக ஏறி இறங்கி அளந்து எழுதி வைத்தார். 1774இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது: விடுவிக்கப்பட்டவர்களிடம் கட்டணம் வாங்குவதை ஒன்று தடுத்தது, கைதிகளின் உடல்நலத்தைக் காக்கும்படி மற்றொன்று ஆணையிட்டது. 1777இல் அவருடைய ஆய்வு நூலாக வெளிவந்தது.

உடல்நலம் பற்றிய சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 'சிறைக்காய்ச்சல்' என்ற ஒரு சொல் போதும். பேன்களால் பரவும் டைஃபஸ் நோயைத்தான் அன்று அப்படி அழைத்தார்கள். அது சிறைச்சுவருக்குள் அடங்கி இருக்கவில்லை. 1750இல் ஓல்டு பெய்லியில் விசாரணைக்கு வந்த கைதிகளிடமிருந்து பரவி, நீதிபதிகளையும் லண்டன் மேயரையுமே கொன்றது. ஹோவர்டும் 1790இல் கருங்கடல் பகுதியிலுள்ள ஹெர்சோன் நகரில் காய்ச்சல் கண்டே இறந்தார். அது சிறைக்காய்ச்சல் என்றே பலரும் கருதுகிறார்கள். லிங்கனின் முன்கட்டடத்தில் நின்று அந்த உயரமான ஜன்னல்களைப் பார்க்கும்போது, வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று அந்த மனிதர் திரும்பத் திரும்ப எழுதியதன் பொருள் விளங்குகிறது. அவர் வலியுறுத்திய இன்னொன்றையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: கைதிகள் ஒவ்வொருவருக்கும் இரவில் உறங்கத் தனி அறை வேண்டும் என்றார் அவர். வலியவர் எளியவரை வதைப்பதையும், முதிர்ந்த குற்றவாளிகள் சிறுவர்களைக் கெடுப்பதையும் தடுப்பதே அவருடைய நோக்கம். பின்கட்டடத்திற்குப் போனால் இந்த எளிய கோரிக்கை அறுபது ஆண்டுகளில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியும்.

இரண்டு கட்டடங்களுக்கும் இடைப்பட்ட காலம் ஆங்கிலேயத் தண்டனை முறையே தடுமாறிக்கொண்டிருந்த காலம். இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு என்று சட்டப்புத்தகம் சொல்லியது; நடைமுறையில் பலருடைய தூக்கு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்கக் காலனிகள் போரில் இறங்கியதும் அந்த வழி அடைபட்டது. பழைய கப்பல்களை ஆற்றில் நிறுத்தி அவற்றையே சிறைகளாக்கினார்கள். பிறகு ஆஸ்திரேலியா. லிங்கனின் முன்கட்டடம் முடிந்த அதே 1788ஆம் ஆண்டில்தான் முதல் கைதிக் கப்பல்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1868இல் அந்தப் போக்குவரத்து நிற்கும்வரை ஏறக்குறைய 1,60,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்கு 1813இல் முதன்முறையாகச் சென்ற க்வேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஃப்ரை, குழந்தைகளோடு தரையில் நெருக்கியடித்துக் கிடந்த பெண்களைக் கண்டு, பின்னர் அங்கே பள்ளியும் தையல் வேலையும் ஏற்பாடு செய்தார். 1818இல் அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1823ஆம் ஆண்டு உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சிறைச் சட்டம் பெண் கைதிகளைப் பெண் காவலர்களின் பொறுப்பில் விட வேண்டும் என்று விதித்ததில் ஃப்ரையின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. 2002 முதல் 2017 வரை புழக்கத்தில் இருந்த ஐந்து பவுண்டு நோட்டில் சிறைப்பெண்களுக்கு வாசித்துக் காட்டும் அவருடைய உருவம் அச்சிடப்பட்டிருந்தது.

இப்போது பின்கட்டடத்திற்கு வருவோம். இதற்காகத்தான் இந்த மதிப்புரையையே எழுதுகிறேன்.

1848இல் திறக்கப்பட்ட இந்தப் பகுதி 'தனிப்பிரிப்பு முறை' என்ற கொள்கைக்காகவே கட்டப்பட்டது. 1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட சிறை இந்த முறைக்குப் பெயர்பெற்றது. அதைப் பார்த்து வர 1830களில் பிரிட்டிஷ் அரசு வில்லியம் கிராஃபர்டு என்பவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. திரும்பி வந்து சிறை ஆய்வாளரான அவரும், மில்பேங்க் சிறையில் பாதிரியாராக இருந்து ஆய்வாளரான விட்வொர்த் ரஸ்ஸலும் இந்த முறையைத் தீவிரமாகப் பரிந்துரைத்தார்கள். 1842இல் லண்டனில் 520 அறைகளோடு திறக்கப்பட்ட பென்டன்வில் அதன் முன்மாதிரி. கைதி பகலும் இரவும் தனி அறையில் இருப்பார். அங்கேயே வேலை செய்வார், சாப்பிடுவார், உறங்குவார். இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது. குரலைக் கேட்கக் கூடாது. அறையை விட்டு வெளியே வரும்போது முகத்தை மறைக்கும் நீண்ட முனை கொண்ட தொப்பி அணிய வேண்டும். பெயருக்குப் பதில் எண். அவரோடு பேசக்கூடியவர்கள் காவலர், கண்காணிப்பாளர், ஆசிரியர், பாதிரியார் ஆகியோர் மட்டுமே. கெட்ட சகவாசத்திலிருந்து முற்றிலும் விடுபட்டு, விவிலியத்தோடும் தன் மனச்சாட்சியோடும் தனித்து விடப்படும் மனிதன் தன் குற்றத்தை உணர்ந்து திருந்துவான் என்பதே இதன் அடிப்படை நம்பிக்கை.

இதைக் கொண்டுவந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். இந்த அருங்காட்சியகம் எனக்கு உணர்த்திய முதன்மையான உண்மை இதுதான். கசையடியையும் விலங்கையும் நாற்றமெடுக்கும் கூட்டறையையும் ஒழிக்க வேண்டும் என்று மனமார நினைத்தவர்களே இதை வடிவமைத்தார்கள். அறைகளைப் பார்த்தாலே அது தெரியும். வெண்சுண்ணம் பூசிய சுவர், உயரத்தில் ஒரு ஜன்னல், காற்றோட்டம், தனிப்படுக்கை. ஹோவர்டு பார்த்த நிலவறைகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆண்கள் பகுதியின் நடுக்கூடத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், அடுக்கடுக்காக ஏறும் இரும்புப் பாதைகளும், வரிசை வரிசையாக ஒரே அளவுக் கதவுகளும், மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் சேர்ந்து ஓர் ஒழுங்கை, கிட்டத்தட்ட ஓர் அழகையே தோற்றுவிக்கின்றன. அந்த அழகுதான் என்னைக் கலங்கச் செய்தது. ஓர் அறைக்குள் போய், பின்னால் வருபவர்களின் பேச்சொலி தேயும்வரை நின்று பாருங்கள். சுவர் கனமானது, பக்கத்து அறையில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

சிற்றாலயம் இந்த எண்ணத்தின் உச்சம். தனிப்பிரிப்பு முறைக்காகக் கட்டப்பட்ட சிறை ஆலயங்களில் உலகில் மூலவடிவிலேயே எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று கோட்டை நிர்வாகம் சொல்கிறது. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரிலும் இப்படியோர் ஆலயம் உண்டு. ஆனால் அது பிற்காலத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. மற்ற சிறைகள் தொடர்ந்து இயங்கியதால், காலப்போக்கில் இந்தத் தடுப்புகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டன; பென்டன்வில்லிலும் அதுதான் நடந்தது. லிங்கன் சிறை முப்பது ஆண்டுகளிலேயே மூடப்பட்டுவிட்டதால் இங்கே மட்டும் மரம் மரமாகவே நிற்கிறது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது இருக்கைகள் அல்ல, பலகைகள். அரங்கம் போலப் படிப்படியாக உயரும் தளத்தில், ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய ஒடுங்கிய மரக்கூண்டுகள் தோளோடு தோள் சேர்ந்தாற்போல நிற்கின்றன. இருபுறமும் தலைக்கு மேல் உயரும் பலகைகள். முன்புறம் மட்டும் திறப்பு. கைதிகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தங்கள் கூண்டுக்குள் போனதும் அவரவர் கூண்டு அடைக்கப்படும். அதன் பிறகே அடுத்தவர் வருவார். கூண்டுக்குள் நின்று முன்னே பார்த்தால் பிரசங்க மேடை தெரியும், பாதிரியாரின் முகம் தெரியும், வேறெதுவும் தெரியாது. வலப்பக்கம் கையை உயர்த்தினால் பலகை, இடப்பக்கமும் அதேதான். உங்களைச் சுற்றிலும் பலர் அதே பாடலைப் பாடுகிறார்கள் என்பது காதுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரைக்கூடக் கண் காணாது. ஆனால் பாதிரியாரின் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் காட்சியே வேறு. எல்லாக் கூண்டுகளும் ஒரே நேரத்தில் உங்களை நோக்கித் திறந்திருக்கின்றன; ஒருவர்கூட உங்கள் பார்வைக்குத் தப்ப முடியாது. ஒரே அறைதான், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது தனிமையாகவோ முழுமையான கண்காணிப்பாகவோ மாறுகிறது. விளக்கப்பலகைகள் எத்தனை வைத்தாலும், எத்தனை பக்கம் எழுதினாலும், இந்த இரண்டு இடங்களிலும் மாறி மாறி நின்று பார்ப்பது தரும் தெளிவு வராது.

இத்தனை கவனமாகக் கட்டியும் மனிதர்களை முழுமையாகப் பிரிக்க முடியவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பென்டன்வில்லில் கைதிகள் துதிப்பாடல்களை உரத்த குரலில் ஆர்வத்தோடு பாடினார்கள். பாட்டின் சத்தத்துக்கு நடுவே பக்கத்துக் கூண்டுக்காரரிடம் செய்தி சொன்னார்கள். நாள் முழுவதும் வாய் திறக்க விடாதவர்களுக்குக் குரலெடுக்கக் கிடைத்த ஒரே நேரம் அதுதான். குழாய்களையும் சுவரையும் தட்டித் தட்டியும் பேசினார்கள். பேச்சை இழக்க மனிதர்கள் அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை. சம்மதித்தவர்களின் நிலைதான் மோசமானது. பென்டன்வில்லில் தொடக்கத்தில் 18 மாதங்களாக இருந்த தனிமைக் காலத்தை 1848இல் 12 மாதங்களாகவும் 1853இல் 9 மாதங்களாகவும் குறைத்தார்கள். மனநிலை பாதிக்கப்படுபவர்களைப் பற்றிய கவலையை அதற்கு மேலும் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. இதில் வருத்தமான செய்தி, லிங்கனின் கட்டடம் திறக்கப்பட்டதும் அதே 1848இல்தான் என்பது. மூலச்சிறை பின்வாங்கத் தொடங்கிய ஆண்டில் மாவட்டச் சிறை அதைப் பின்பற்றத் தொடங்கியிருக்கிறது. எலிசபெத் ஃப்ரையும் தன் கடைசி ஆண்டுகளில் இந்தத் தனிமையைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தார்.

மற்ற காட்சிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பெண்கள் பகுதி ஆண்கள் பகுதியை விடச் சிறியது. ஆனால் ஆவணங்களிலிருந்து எடுத்த தனிமனிதர்களின் கதைகள் இங்கே மனத்தில் தங்குகின்றன. சிறுவர்களும் இங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அறியும்போது பலர் திடுக்கிடுகிறார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவதை 1908ஆம் ஆண்டுச் சிறார் சட்டம்தான் முற்றாக நிறுத்தியது. குழந்தைகள் அக்காலத்து உடைகளை அணிந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. இத்தகைய இடத்தில் அது வேண்டுமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. ஆனால் சிறை என்பதைக் கேள்விப்பட்டிராத வயதுக் குழந்தைகள் அந்த முரட்டு உடையைத் தொட்ட பிறகுதான் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்கள் என்பதையும் பார்த்தேன். காட்சியமைப்பில் நான் மதிப்பது அதன் அடக்கத்தைத்தான். பயமுறுத்தும் ஓசைகளும் ரத்தம் தெறிக்கும் பொம்மைகளும் வைத்துக் கூட்டம் சேர்க்கும் சிறை அருங்காட்சியகங்கள் ஐரோப்பாவில் எத்தனையோ உண்டு. இங்கே கட்டடத்தைப் பேச விட்டிருக்கிறார்கள்.

இந்தச் சிறையின் கதை 1878இல் முடிந்துவிடுகிறது. 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதுவரை மாவட்ட நீதிபதிகளின் பொறுப்பில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சிறைகள் மத்திய அரசின் கைக்குப் போயின. தேவையில்லை என்று கருதப்பட்டவை மூடப்பட்டன. லிங்கனில் கிரீட்வெல் சாலையில் 1872இலேயே புதிய சிறை வந்துவிட்டது. அது இன்றும் இயங்குகிறது. ஆகவே இங்கே வருபவர், திருத்தம் என்ற நம்பிக்கை தளர்ந்து கடுமை தலைதூக்கிய காலத்தைப் பற்றித் தானாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும். 1862இல் லண்டன் தெருக்களில் கழுத்தை நெரித்துக் கொள்ளையடிக்கிறார்கள் என்று எழுந்த பீதியைத் தொடர்ந்து, கார்னார்வன் பிரபுவின் குழு கடும் உழைப்பு, எளிய உணவு, பலகைப் படுக்கை என்று பரிந்துரைத்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. எந்தப் பொருளையும் உற்பத்தி செய்யாத கைச்சக்கரத்தை ஆயிரக்கணக்கான முறை சுழற்றுவதும், 1818இல் வில்லியம் க்யூபிட் வடிவமைத்த மிதிசக்கரத்தில் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருப்பதும் அந்தக் கடும் உழைப்பின் வடிவங்கள். எட்மண்ட் டு கேன் என்ற அதிகாரியின் கீழ் எல்லாச் சிறைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. 1895இல் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் தலைமையிலான குழு, அச்சுறுத்துவதோடு மனிதரைத் திருத்துவதும் சிறையின் கடமையே என்று அறிக்கை தந்தது; 1898ஆம் ஆண்டுச் சட்டம் மிதிசக்கரத்தையும் கைச்சக்கரத்தையும் ஒழிக்க வழி செய்தது. 1948இல் கடும் உழைப்புத் தண்டனையே சட்டத்திலிருந்து நீங்கியது. இவற்றையெல்லாம் ஒரு மாவட்டச் சிறையின் அருங்காட்சியகம் சொல்லியே ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் ஆலயக் கூண்டைப் பார்த்துவிட்டு அத்தோடு கொடுமை முடிந்தது என்ற எண்ணத்தோடு யாரும் வெளியேறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிறையை விட்டு வெளியே வந்ததும் மதில்மேல் நடைபாதையில் ஏறி ஒரு சுற்று வாருங்கள். வடகிழக்கு மூலையில் உள்ள காப் ஹால் கோபுரத்தின் உச்சியில் 1817 முதல் 1859 வரை பொதுமக்கள் பார்க்கத் தூக்குத் தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. 1868ஆம் ஆண்டுச் சட்டம் பகிரங்கத் தூக்கை முடிவுக்குக் கொண்டுவந்தது. இதே மாவட்டத்து ஹார்ன்காஸில் ஊரில் செருப்புத் தைக்கும் தொழில் செய்து தூக்கிலிடுபவராக மாறிய வில்லியம் மார்வுட், கைதியின் எடைக்கேற்பக் கயிற்றின் நீளத்தைக் கணக்கிடும் முறையை 1872 ஏப்ரல் 1 அன்று இந்தக் கோட்டையில்தான் முதன்முதலாகச் செயல்படுத்தினார். மெல்ல மூச்சுத் திணறிச் சாவதற்குப் பதில் நொடியில் உயிர் பிரியட்டும் என்ற இரக்கம் அதன் பின்னால் இருந்தது. தூக்கிலிடப்பட்டவர்கள் லூசி கோபுரத்தின் வட்டச்சுவருக்குள் புதைக்கப்பட்டார்கள். சிறிய கற்கள், அவற்றில் முழுப்பெயர் இல்லை, பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளும் மட்டுமே. அதற்குச் சற்றுத் தள்ளி நிற்கும் கண்காணிப்புக் கோபுரத்தின் உச்சியிலுள்ள உருளை வடிவப் பகுதி, வானியலில் ஆர்வம் கொண்டிருந்த ஒரு சிறைக் கண்காணிப்பாளர் கட்டிக்கொண்டது என்று சொல்லப்படுகிறது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். முன்கட்டடத்தையும் கடன் கைதிகளின் அறைகளையும் முதலில் பாருங்கள். பிறகு பெண்கள் பகுதி, ஆண்கள் பகுதி. ஆலயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் வந்த வேகத்தில் ஆலயத்துக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அறைகளின் தனிமையை உணராமல் கூண்டுகளைப் பார்த்தால் அவை விசித்திரமான மரவேலையாக மட்டுமே தோன்றும். பள்ளி விடுமுறைகளில் கூட்டம் அதிகம். ஓசையில்லாமல் நிற்பதே இங்கே பார்வையின் பாதி என்பதால் வார நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஸ்டீப் ஹில் ஏற முடியாதவர்கள் மேல்நகருக்குச் செல்லும் பேருந்தையோ டாக்சியையோ பயன்படுத்தலாம். சிறை அமைப்பைப் பற்றி ஓரளவாவது அக்கறை உள்ளவர்கள், சட்ட மாணவர்கள், சமூகப்பணியில் இருப்பவர்கள் ஆகியோர் அரைநாளையாவது ஒதுக்க வேண்டும். 1878க்குப் பிந்தைய கதையையும் தொடர விரும்பினால், மறுநாள் ரயிலேறி நாட்டிங்காம் நகரின் பழைய ஷைர் ஹால் கட்டடத்தில் இருக்கும் தேசிய நீதி அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நீதிமன்றக் கூண்டிலிருந்து கீழேயுள்ள அறைகளுக்கு இறங்கும் படிக்கட்டு அங்கே அப்படியே இருக்கிறது.